பொன்சாய் வளர்ப்பதற்கேற்ற மரங்களைத் தெரிந்தெடுத்தல்

பொன்சாய் என்னும் யப்பானியச் சொல் 'தட்டில் நடப்பட்டது' எனப் பொருள்படும். சீன தேசத்திற் தோன்றிய இக்கலை யப்பானிலே செம்மை பெற்றது. ஆழங்குறைந்த தட்டொன்றில், முதிர்ந்த பெருமரத்தின் தோற்றத்தோடு ஒரு மரத்தைப் பல்லாண்டு வளர்ப்பதே இதன் நோக்கமாகும். நன்கு அமைந்த மரத்தை விற்று ஓரளவு வருவாயும் பெறலாம். ஆயின் மரமொன்று உருப்பெறப் பத்தாண்டு செல்லக்கூடும். ஏழாம் ஆண்டில் அம்மரம் உதவாதென அறிவதாற் பயனில்லை. ஆகவே, தெரிவிலேயே கூடிய கவனஞ் செலுத்துதல் வேண்டும்.

பொன்சாய்க்கெனத் தனிக் குள்ளச் சாதி எதுவும் இல்லை. 'பொன்சாய் விதை' எனக் கூறி விற்கப்படுவன சாதாரண மரவிதைகளே. அவற்றிற்கு மிகுந்த விலை கொடுத்தல் வீண் செலவாகும். கிளை கத்தரித்தலும், வேர் வெட்டுதலும், சிறு கலமுமே மரத்தைச் சிறிதாக வைத்திருக்கின்றன. எனவே வெட்டைத் தாங்கும் மரமே வேண்டப்படுவது. இதனை அறிய எளிய சோதனையொன்றுண்டு. வேலியில் நிற்கும் மரத்தின் கிளையொன்றை இலையற்ற முதிர்ந்த பகுதியிலே வெட்டிவிடுக. சில வாரங்களில் வெட்டின் கீழே பல அரும்புகள் தோன்றின் அம்மரம் ஏற்றதாகும். கிளை காய்ந்து பின்செல்லுமாயின் அதனை விட்டுவிடுதல் நன்று.

பனையையும் தென்னையையும் இவ்வாறு வளர்த்தல் இயலாது. அவற்றிற்கு வளருங் குருத்து ஒன்றே. அதை வெட்டினால் மரம் மடியும். கிளைகளை மறுபடி மறுபடி வெட்டித் தண்டைப் பருக்கச் செய்யும் முறையும் அவற்றிற்குப் பொருந்தாது.

இலையின் பருமன் கத்தரிப்பினாற் குறையும். பூவும் காயும் குறைவதில்லை. மாமரம் தட்டிற் காய்த்தாலும் காய் தன் முழுப் பருமனையே நாடும். பலா, ஈரப்பலா, பூவரசு, சீமைக்கிளுவை ஆகியன பேரிலை உடையன. இவற்றை எண்ணாதிருத்தலே மேல். புளியோ சிற்றிலை உடையது, வரட்சியைத் தாங்குவது, இளமையிலேயே பட்டை வெடித்து முதுமைத் தோற்றங் கொள்வது. வரண்ட பிரதேசத்தில் இதனிலுஞ் சிறந்த மரத்தைத் தேடவேண்டியதில்லை. விளாத்தியும் குருந்தும் ஏறக்குறைய அவ்வாறானவையே.

முதன்முதல் இதிற் கைவைப்போர் இத்தியோடு தொடங்குதல் நன்று. வேரை வெட்டினாலும் பிழைக்கும், விழுதும் விடும். ஆலின் இலை பெரிது, அரசின் இலை நீண்ட நுனியுடையது. இரண்டுக்கும் பொறுமை வேண்டும். போகன்விலாவின் அடிமரம் விரைவிற் பருக்கும், கத்தரிக்கக் கத்தரிக்கப் பூக்கும். ஆயின் அதன் வேர் எளிதில் முறிவதால் கலம் மாற்றும்போது மண்ணை முழுவதும் உதறலாகாது. மன்னாரிற் காணப்படும் பெருக்கமரமும் விதையிலிருந்து நன்கு வரும்; இலையுதிர்ந்த காலத்தில் நீர் மிகுந்தால் அடி அழுகிவிடும்.

யப்பானியப் படங்களிற் காணும் மேப்பிள் மரத்திற்குக் குளிர்காலத் துயில் தேவை. அநுராதபுரத்திலோ மட்டக்களப்பிலோ அது நெடுநாள் நிலையாது. மலைநாட்டில், மீள்நடுகைக்காகப் பிடுங்கப்படும் பழைய தேயிலைத் தூர்கள் கிடைக்குமாயின் அவற்றைப் பரீட்சிக்கலாம். அவற்றிற்குப் புளிப்பு மண் வேண்டும்.

கமக்காரருக்கு நகரத்தாரிலும் மேலான வாய்ப்பொன்று உண்டு. ஆண்டாண்டாகக் கத்தியும் ஆடும் வெட்டிக் குறுகச் செய்த வேலித் தூர்களே அது. பிராய், முன்னை, கிளுவை போன்றவற்றின் பழைய தூரொன்று, விதையிலிருந்து வளர்க்கும் பதினைந்து ஆண்டு வேலையை மிச்சப்படுத்தும். அடி பருத்து மேல் நோக்கிச் சிறுத்துச் செல்லும் தூரையும், சுற்றிலும் வேர் பரந்த தூரையும் தெரிக. ஒரே பருமனான தடி வேண்டாம். காலபோக விதைப்பு முடிந்தபின் மழை தொடர்ந்து பெய்யும் நாட்களில் அதனைக் கிண்டியெடுத்து, ஆணிவேரைக் குறைத்து, மணல் கலந்த மண்ணில் நிழலில் வைத்தல் வேண்டும். தட்டுக்கு மாற்ற ஓராண்டாவது பொறுத்தல் அவசியம்.

குளக்கட்டில் நிற்கும் தூர்களை எக்காரணங் கொண்டும் கிண்டலாகாது. கிண்டிய குழிவழியே கட்டு அரிபட்டு வயல்கள் அழியக்கூடும். அரசாங்கக் காடுகளில் அனுமதியின்றி மரமெடுத்தல் சட்டப்படி குற்றமாகும். கிணற்றுச் சுவரிலும் மதகிலும் முளைத்த ஆலங்கன்றுகளை எவ்வாறாயினும் பிடுங்கவேண்டியிருத்தலால், அவற்றை எறியாது கலத்தில் நடலாம்.