இருளை எண்ணும் நெற்பயிர்

நெய்வேலி என்றதும் மின்சார வெளிச்சமே நம் நினைவுக்கு வருகிறது. 1935-ம் வருஷத்தில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது தலைகாட்டிய பழுப்பு நிலக்கரி, 1962 முதல் மின்சாரமாகி, இரவைப் பகலாக்கி வருகிறது. மனிதருக்கு இது பெரும் பாக்கியந்தான். ஆனால் வீதி விளக்கின் அருகே பழைய சம்பா ரகம் பயிரிடும் குடியானவருக்கு இதனால் ஒரு சங்கடமும் உண்டு. வயல் முழுவதும் கதிர் வாங்கி நிற்க, வெளிச்சம் விழும் இடம் மட்டும் பச்சைப்பசேலென்று தழைத்து நிற்கும், கதிரைக் காணோம்!

இது கண்ணேறும் அன்று, எருவின் குறையும் அன்று. அந்தச் சம்பா ரகங்கள் இரவு நீண்ட பிறகே பூக்கும் சுபாவம் உடையவை. நெய்வேலியில் ஆனி மாதத்துப் பகல் சுமார் 12¾ மணி நேரம். மார்கழியிலோ சுமார் 11½ மணி. நாம் பொருட்படுத்தாத இந்தச் சொற்ப வித்தியாசத்தைப் பயிர் தவறாமல் உணர்கிறது. ஆகவே, விதைப்பு சில வாரங்கள் முன்பின்னானாலும் கதிர் வெளிவருவது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். அடைமழையில் பூ சிதையாமல், தை அறுவடைக்கு நெல் முற்றும்படியாக நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி வைத்த ரகங்கள் அவை.

இதன் மர்மத்தை 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இரு சாஸ்திரக்ஞர்கள் வெளியிட்டார்கள். கோடையில் பூக்க மறுத்த ஒரு புகையிலைச் செடியைப் பிற்பகலிலேயே இருட்டறைக்குள் வைத்தார்கள்; அது பூத்துவிட்டது! 1938-ல் வேறு இருவர் இன்னும் ஓர் அதிசயத்தைக் கண்டனர். நள்ளிரவில் சற்று நேரம் விளக்கைக் காட்டினாலும், இத்தகைய செடி நீண்ட இரவை இரண்டு குறுகிய இரவுகளாக எண்ணிப் பூக்காமல் இருந்துவிடுகிறதாம். செடி அளப்பது பகலை அன்று, இடையறாத இருளை!

எல்லாத் தாவரமும் இப்படியல்ல. மாமரம் பூப்பதற்குப் பனிக்காலக் குளிர் துணை செய்கிறது. 1966-ல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல் பகலின் நீளத்தைச் சட்டை செய்வதில்லை.

விளக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. வெளிச்சம் சாலையில் மட்டும் விழும்படி விளக்குக்கு ஒரு மறைப்புப் போட்டால் போதும். பட்டணத்துக்கு வெளிச்சம் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் நமக்குச் சோறளிக்கும் பயிருக்கு இருள்.