பள்ளி ஆய்வுக்கூடமும் ஊர் நலனும்

கிராமப் பள்ளிகளுக்குக் கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர் ஆகிய வசதிகளை அமைத்துத் தருவதில் ஊராட்சி மன்றங்கள் பேரார்வம் காட்டி வருகின்றன. ஆயின், பள்ளியின் ஒரு மூலையில் உள்ள இரசாயன ஆய்வுக்கூடத்தின்பால் நம் கவனம் அவ்வளவாகச் சென்றதில்லை. "பிள்ளைகள் கண்ணாடிக் குழாயில் உப்பைக் கரைத்துப் பார்ப்பதால் ஊருக்கு என்ன நன்மை?" என்று வினவுவோரும் உளர். அவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பொருளில் எவ்வெக் கூறுகள் அடங்கியுள்ளன என்று கண்டறிவதற்குப் பண்பறி பகுப்பாய்வு என்று பெயர். அக்கூறுகள் எவ்வளவு உள்ளன என்று கணிப்பது அளவறி பகுப்பாய்வு. மேல்நிலை வகுப்பு மாணவரிடம் பெயர் கூறாமல் ஓர் உப்பைக் கொடுத்து, அஃது இன்னதெனக் கண்டறியச் சொல்வது முதல் வகையைச் சார்ந்தது. உப்பு என்றவுடன் சமையலுப்பை மட்டும் எண்ணுதல் வேண்டா. மயில்துத்தம், பொட்டாஷ் உரம், அம்மோனியம் சல்பேட்டு ஆகிய யாவும் இரசாயன நூலார் கணக்கில் உப்புகளே. ஜெர்மானிய அறிஞர் பிரெசீனியஸ் 1841ஆம் ஆண்டிலேயே இக்கலையை முறைப்படுத்தி மாணவர்க்கு நூல் இயற்றினார். நம் நாட்டு இரசாயன மேதை பிரபுல்ல சந்திர ராய், நெய், எண்ணெய் ஆகியவற்றின் தூய்மையை ஆராய்ந்து 1894ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். ஆய்வுக்கூடம் சந்தைக்கும் சமையலறைக்கும் தொண்டு செய்யவல்லது என்பதற்கு இதுவே சான்றாகும்.

உழவர் பெருமக்கள் நன்கறிந்த ஓர் உதாரணத்தைக் காண்போம். நெல்வயலில் துத்தநாகச் சத்து குறைந்தால் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றும். இதனைத் தடுக்க ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து இடுமாறு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். விலை மலிந்த மெக்னீசியம் சல்பேட்டை இதனுடன் கலந்து விற்கும் கேடு உண்டு. இரண்டும் வெண்மையான படிகங்கள். இரண்டும் நீரில் எளிதிற் கரையும். கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ வேறுபாடு அறிதல் அரிது. மெக்னீசியமும் பயிர்ச்சத்தே எனினும், துத்தநாகக் குறையை அது தீர்க்காது. உழவர் பணம் இழப்பதோடு ஒரு போக விளைச்சலையும் இழக்க நேரிடும்.

மேல்நிலை வகுப்பு மாணவன் இதனை எவ்வாறு சோதிப்பான்? உப்பைத் தூய நீரில் கரைத்து வடிகட்டி, தெளிந்த கரைசலில் எரிசோடாக் கரைசலைச் சில துளிகள் விடுவான். இரண்டு உப்பிலும் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். எரிசோடாவை மேலும் மிகுதியாகச் சேர்த்தால் துத்தநாக வீழ்படிவு கரைந்துவிடும். மெக்னீசிய வீழ்படிவு கரையாது நிற்கும். எனினும், அவன் இத்துடன் நின்றுவிடலாகாது. அலுமினிய வீழ்படிவும் எரிசோடாவில் கரையும் அன்றோ? ஆதலின், மற்றொரு குழாயில் எரிசோடாவிற்குப் பதில் அம்மோனியாக் கரைசலைச் சேர்த்துப் பார்ப்பான். துத்தநாக வீழ்படிவு மிகுதியான அம்மோனியாவில் கரையும்; அலுமினிய வீழ்படிவு கரையாது. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது என்பது பஞ்சாயத்தார் அறிந்த நெறியே. ஆய்வுக்கூடத்திற்கும் அதுவே நெறி.

சோதனைகளைச் செய்வதற்கும் ஒரு வரிசை உண்டு. களத்தில் நாம் தானியத்தை முதலில் தூற்றுகிறோம். பிறகு பெருங்கண் சல்லடையிலும் சிறுகண் சல்லடையிலும் சலிக்கிறோம். அவ்வாறே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஈயத்தை முதலில் பிரிக்கின்றது. அந்த அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் செம்பு வீழ்படிகின்றது. அதன் பின்னர் இரும்பும் அலுமினியமும், அடுத்துத் துத்தநாகமும், பிறகு கால்சியமும் பிரிகின்றன. மெக்னீசியம் இறுதியில் எஞ்சுகின்றது. வரிசை மாறினால் ஒன்றோடொன்று கலந்து முடிவு பிழைபடும்.

இவ்வளவு பயனுள்ள பயிற்சி சில இடங்களில் வெறும் மனப்பாடமாகிவிடுகின்றது. தேர்வுக்கு வரும் உப்பின் பெயரை முன்னரே அறிந்துகொண்டு, காணாதவற்றைக் கண்டதாக எழுதி மதிப்பெண் பெறுவதில் என்ன நன்மை இருக்க முடியும்? அவ்வாறு பயின்ற மாணவன் தன் தந்தையின் உரமூட்டையின் முன் கைகட்டி நிற்பான். நல்லாசிரியர் முதலில் அறிந்த உப்பைக் கொடுத்து மாற்றங்களைக் காட்டுவார். பின்னரே அறியாத உப்பைக் கொடுப்பார். செய்த சோதனை, கண்ட மாற்றம், அதனால் பெறும் முடிவு என மூன்று பத்திகளாகக் குறிப்பேட்டில் எழுதச் செய்வார். 'மாற்றம் ஏதும் இல்லை' என்பதும் எழுதத்தக்க செய்தியே.

கிணற்று நீரில் உப்பைக் கரைத்தல் மற்றொரு தவறு. அந்நீரிலேயே குளோரைடு இருப்பதால், சில்வர் நைட்ரேட்டு சேர்த்தவுடன் வெண்மை படரும். மாணவன் அதனை உப்பின் குணமென மயங்குவான். எனவே வாலைவடிநீரைப் பயன்படுத்துவதோடு, உப்புச் சேர்க்காத வெறும் நீரையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

பாதுகாப்பு விதிகளையும் நாம் மறத்தலாகாது. அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. சூடேற்றும் குழாயின் வாயை எவர் முகத்திற்கும் நேராகப் பிடித்தல் கூடாது. எப்பொருளையும் சுவைத்துப் பார்த்தல் கூடாது. கண்ணில் அமிலம் தெறித்தால் உடனே பதினைந்து நிமிடத்திற்குக் குறையாமல் தூய நீரால் கழுவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு கொடிய நச்சு வாயுவாகும். மிகுதியாயின் நுகரும் ஆற்றலையே மழுங்கச் செய்துவிடும்.

இங்குதான் ஊராட்சி உறுப்பினர்களின் பங்கு வருகின்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் பெற்றுள்ளோர் ஆய்வுக்கூடத்தை ஒருமுறை நேரில் பார்வையிடுதல் நலம். குழாயில் தண்ணீர் வருகின்றதா? சன்னல்கள் திறக்கின்றனவா? காற்றை வெளியேற்றும் விசிறி சுழல்கின்றதா? அமிலப் புட்டிகள் பூட்டிய அலமாரியில் உள்ளனவா? கண்காப்புக் கண்ணாடியும், மணல் வாளியும், முதலுதவிப் பெட்டியும் உண்டா? கழிவுநீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ கலவாமல் தனியே சேர்க்கப்படுகின்றதா? ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே சோதனை செய்ய வாய்ப்புப் பெறுகின்றனரா? இவற்றை வினவுவதற்கு இரசாயனப் புலமை வேண்டுவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் நம் கடமை. பள்ளிச் சோதனை 'உண்டு, இல்லை' என்று கூறுமேயன்றி, 'எவ்வளவு' என்று கூறாது. அதனை மட்டும் ஆதாரமாகக் கொண்டு கடைக்காரர் மீது பழி சுமத்துதல் முறையன்று. ஐயம் எழுந்தால் இரசீதுடன் வேளாண்மை அலுவலரை அணுகுக. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உர ஆய்வாளர் மாதிரி எடுத்து, உரப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புவார். அங்கு அளவறி பகுப்பாய்வு மூலம் உண்மை புலனாகும்.

கண்டதைக் கண்டவாறு எழுதி, ஒன்றுக்கு இரண்டாகச் சோதித்து, பின்னரே முடிவு கூறும் பழக்கம் ஆய்வுக்கூடத்தில் பயிலப்படுகின்றது. உரம் வாங்கும்போதும், குடிநீரின் தன்மையை ஆராயும்போதும், ஊர்ப் பொதுக்காரியங்களில் கருத்துக் கூறும்போதும் அப்பழக்கம் துணைநிற்கும். எனவே பள்ளி ஆய்வுக்கூடத்தை ஊர்ச் சொத்தாகக் கருதிப் பேணுவோமாக.