ஆகாயத்தில் எங்கே ஓரங்கட்டுவது?

வானோடிகள் – 7

கொடுமுடியில் ஒரு டீக்கடை. லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் கேட்டார்: “ஆயில் லைட் எரிஞ்சா நாங்க வண்டிய ஓரங்கட்டிப் போடுவோமுங்க. ஆகாசத்துல எங்கீங்க ஓரங்கட்டறது?”

இதற்கான விடை, நம் ஊரிலிருந்து காவிரி பாயும் திசையில், திருச்சியில் இருக்கிறது.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. லாரிகளுக்கெல்லாம் மாலை போட்டுப் பொட்டு வைத்த நாள். மாலை 5.40 மணியளவில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 விமானம் 140-க்கும் மேற்பட்டோருடன் ஷார்ஜாவுக்குக் கிளம்பியது. சற்று நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியை இயக்கும் அதே எண்ணெய் அழுத்தம்தான் விமானத்தின் சக்கரத்தையும் பிரேக்கையும் இயக்குகிறது.

விமானி அறையில் சிவப்பு எரிந்தால் உடனே செயல்பட வேண்டும். தீ எச்சரிக்கை அந்த ரகம். மஞ்சள் எரிந்தால் கவனிக்க வேண்டும், ஆனால் யோசிக்க நேரம் உண்டு. 737-இல் ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்தால் எரிவது மஞ்சள். அப்போது ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டுமே பார்ப்பார். மற்றவர் கையேட்டைப் பிரித்து, அந்த விளக்குக்குரிய பக்கத்தை வரிவரியாக உரக்கப் படிப்பார். முக்கியமான சுவிட்சைத் தொடுவதானால், இருவரும் பார்த்து உறுதி செய்த பிறகுதான். மனப்பாடத்தை நம்புவதில்லை.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. விமானி அறையே அந்த பல்பின் மேல் கவிந்தது. உயரத்தைப் பிடித்து வைத்திருந்த தானியங்கி அந்தப் பிடியை விட்டதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல இறங்கிச் சதுப்பில் மோதியது. 176 பேரில் 101 பேர் மாண்டார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது; பல்புதான் பழுது. அன்றிலிருந்து உலகெங்கும் விமானிகளுக்குச் சொல்லித்தரும் பாடம் இது: எது கெட்டாலும் ஒரு ஜோடிக் கண் பறத்தலை விட்டு அகலக் கூடாது.

திருச்சியில் கிளம்பிய அந்த விமானத்தின் விமானிகள் இக்ரோம் ரிஃபட்லியும் மைத்ரேயி சிதோலேயும் அவசரப்படவில்லை. ஷார்ஜா வரைக்குமான எரிபொருள் டாங்கியில் இருந்தது. அந்தப் பாரத்தோடு இறங்கினால் வேகமும் கூடும், பிரேக்குக்குச் சுமையும் கூடும். எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி 737-க்குக் கிடையாது. பறந்துதான் தீர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தார்கள். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் காத்திருந்தன. தொலைக்காட்சி பார்த்தவர்கள் பதறினார்கள். இரவு 8.15 மணியளவில் சக்கரங்கள் ஓடுதளத்தைத் தொட்டன. ஒருவருக்கும் கீறல் இல்லை.

லாரிக்கார நண்பரே, அந்த வட்டம்தான் அவர்கள் ஓரங்கட்டிய இடம். இனி ஒரு விமானம் வட்டமடிப்பதாகச் செய்தி வந்தால், பீதியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உள்ளே ஒருவர் ஓட்டுகிறார், ஒருவர் படிக்கிறார். அந்த வேலை முடியட்டும்.

(தொடரும்)