தாத்தாவின் கப்சாய்க்கு ஒரு சிவப்புச் சட்டை

கடந்த பல்கலைக்கழக விடுமுறை முழுவதும் கோலா சாவாவில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையிலேயே கழிந்தது. தாத்தாவின் பழைய ஹோண்டா சி70 மோட்டாரை 'அகிரா' படத்தில் வரும் சிவப்பு மோட்டாராக மாற்ற வேண்டும் என்பதுதான் எனக்கும் என் தம்பிக்கும் இருந்த ஆசை.

'அகிரா' 1988-இல் வெளிவந்த ஜப்பானிய அனிமேஷன் படம். கட்சுஹிரோ ஒத்தோமோ தாமே வரைந்த படக்கதையைத் தாமே இயக்கினார். கதை நடப்பது 2019-ஆம் ஆண்டில். அந்த ஆண்டு வந்து போயே சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் கானேடா ஓட்டும் அந்த மோட்டார் இன்னமும் எதிர்காலத்திலிருந்து வந்ததைப் போலவே தெரிகிறது. தரையோடு தரையாக, நீளமாக, சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்த மாதிரி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். படத்தில் அதற்கு 200 குதிரைத்திறன் என்று பெருமையாகச் சொல்வார்கள். தாத்தாவின் மோட்டார் 72 சிசி. குதிரைத்திறன் ஆறைத் தாண்டினாலே அதிசயம்.

தாத்தாவிடம் அனுமதி கேட்டபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பால் மரம் வெட்டிய காலத்தில் வாங்கிய மோட்டார் அது. இன்றும் காலையில் காப்பிக் கடைக்கு அதில்தான் போகிறார். கடைசியில், "வெட்டாம செய்யிறதுனா செய்யி. அத வெட்டினா என் கால வெட்டின மாதிரி," என்றார். கூடவே இன்னொரு நிபந்தனை: மறுநாள் காலையில் மோட்டார் பழையபடி நிற்க வேண்டும்.

இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கள் திட்டத்தையே தலைகீழாக்கிவிட்டன. சட்டகத்தை வெட்டி நீட்டாமல் அந்தத் தாழ்ந்த உட்காரும் நிலை வராது. செய்வதெல்லாம் போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய வெறும் மேலுடையாகத்தான் இருக்க முடியும். எனக்குப் பெரிய ஏமாற்றம். பிறகு படித்துப் பார்த்தபோதுதான், திரையில் நாம் வியக்கும் பல வாகனங்களே அப்படிப்பட்டவைதான் என்று தெரிந்தது.

1979-இல் வந்த ஆஸ்திரேலியப் படம் 'மேட் மேக்ஸ்'. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் அடிப்படையில் ஒரு மருத்துவர். கையில் இருந்ததோ மிகச் சிறிய முதலீடு. எதிர்காலத்துப் போலீஸ் மோட்டார்களாக அதில் சீறிப் பாய்பவை சாதாரண கவாசாக்கி கேஇசட்1000 வண்டிகள். அவற்றுக்கு ஃபைபர்கிளாஸ் முன்மூடிகளைச் செய்து மாட்டியது மெல்பர்னில் இருந்த 'லா பாரிசியன்' என்ற சிறு பட்டறை. பட்டறைக்காரர்களில் ஒருவரான பெர்ட்ராண்ட் காடார் பிரான்சிலிருந்து குடியேறியவர். அதே படத்தில் ரவுடிக் கும்பலில் ஒருவராக நடிக்கவும் செய்தார். பிற்காலத்தில் தாஸ்மேனியாவில் ஒரு நகராண்மைக் கழகத் தலைவராகவும் ஆனார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 'டிரான்: லெகசி' படத்து ஒளி மோட்டாரை ஓடக்கூடிய வண்டியாகக் கட்டியவர்களும் இரும்புச் சட்டகத்தின் மேல் ஃபைபர்கிளாஸையே போர்த்தினார்கள். நம் கப்சாயும் இதற்கு விலக்கல்ல. 1958-இல் ஹோண்டா சூப்பர் கப் வந்தபோதே அதன் கால் மறைப்பு பிளாஸ்டிக்கில்தான் இருந்தது.

ஃபைபர்கிளாஸ் என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, பாய் போல் இருக்கும் கண்ணாடி இழை. மற்றொன்று, அதை நனைத்து இறுகும் பாலியெஸ்டர் ரெசின். இழை இழுவிசையைத் தாங்கும்; ரெசின் உருவத்தைப் பிடித்து வைக்கும். 1953-இல் செவ்ரொலே கோர்வெட் காரின் உடல் இதனால் செய்யப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைகளில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டதும் இந்த 'ஃபைபர் படகு'தான்.

எங்கள் முதல் முயற்சி பதினைந்தே நிமிடத்தில் முடிந்தது. காவடி செய்பவர் ஒருவரிடம் மீந்த வெள்ளை நுரைப்பலகைகளைக் கேட்டு வாங்கி, நான்கு நாள் உட்கார்ந்து மோட்டாரின் மூக்கைச் செதுக்கியிருந்தோம். அழகாக வந்திருந்தது. அதன் மேல் இழையை விரித்து ரெசினைப் பூசினோம். மூக்கு உள்வாங்கத் தொடங்கியது. முதலில் ஒரு குழி, பிறகு ஒரு பள்ளம், கடைசியில் பிசுபிசுப்பான ஒரு குட்டை. தம்பி சிரித்தான். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வேதியியலில் நல்ல தேர்ச்சி பெற்றவள் வேறு. அந்த வெள்ளைப் பலகை பாலிஸ்டைரீன். ரெசின் கரைந்திருப்பது ஸ்டைரீன் என்ற திரவத்தில். பாலிஸ்டைரீனை அதன் சொந்த மூலப்பொருளிலேயே ஊறவைத்தால் கரையாமல் என்ன செய்யும்? தேர்வுத்தாளில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். கொட்டகையில் அது நினைவுக்கே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மாமாவை அழைத்தோம். போர்ட்டிக்சன் பக்கம் படகு பழுது பார்த்துப் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். குட்டையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கண்ணாடி எங்க?" என்பதுதான். நாங்கள் இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர், எம்இகேபி என்ற பெராக்சைடு. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். அதை ரெசினோடு மட்டும்தான் கலக்க வேண்டும். கோபால்ட் முடுக்கியோடு நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். ஸ்டைரீன் ஆவிக்குச் சாதாரண முகக்கவசம் போதாது, ஆவியை வடிகட்டும் கவசம் வேண்டும். இவற்றையெல்லாம் வாங்கி வந்த பிறகுதான் மாமா அடுத்த டின்னைத் திறக்கவிட்டார். இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைக்கும் தம்பி தங்கைகளும் தயவுசெய்து அந்த வரிசையிலேயே தொடங்குங்கள்.

"மருமகளே, நீ செய்யிறது மோட்டார் இல்ல. மொதல்ல பொம்ம, அப்புறம் அச்சு, அப்புறந்தான் மோட்டார்," என்றார் மாமா. முழு வித்தையும் அவ்வளவுதான். நுரையில் மீண்டும் செதுக்கினோம். இம்முறை அதன் மேல் சாந்து பூசிக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்தோம், தேய்த்தோம், தேய்த்துக்கொண்டே இருந்தோம். பொம்மையில் இருக்கும் ஒரு கீறல் அச்சில் பதியும். அச்சில் இருப்பது ஒவ்வொரு பிரதியிலும் வரும். விடுமுறையில் பாதி உப்புத்தாளுக்கே போனது. பிறகு ஐந்து முறை மெழுகு, அதன் மேல் ஒட்டாமல் பிரிக்க உதவும் பிவிஏ கரைசல், கறுப்பு ஜெல்கோட், ஐந்து அடுக்கு இழை. அச்சு தயார்.

அச்சுக்குள் சிவப்பு ஜெல்கோட் பூசி இரண்டே அடுக்கு இழை வைத்தோம். தடிப்பு சுமார் இரண்டு மில்லிமீட்டர். ஹார்டனரை நூற்றுக்கு இரண்டு கிராம் கலப்பது வழக்கம். நம் ஊர் மதிய வெயிலில் ஒரு கிராமே போதுமானதாக இருந்தது. இறுகும்போது ரெசின் வெப்பத்தை வெளிவிடும். ஒரு நாள் டப்பாவில் அதிகமாகக் கலந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது டப்பா உருகிப் புகைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து சிறு கிண்ணங்கள்தான்.

பிரித்தெடுக்கும் நாள் வந்தது. மரத்துண்டுகளைச் செருகி, இடுக்கில் தண்ணீர் ஊற்றி, கையால் தட்டினோம். 'டொக்' என்று ஒரு சத்தம். அச்சை உடைத்துவிட்டோம் என்றே நினைத்தேன். உள்ளிருந்து சிவப்பாக, ஈரமாக, முகம் பார்க்கும் பளபளப்போடு மூக்கு வெளியே வந்தது. தாத்தா வந்து தொட்டுப் பார்த்தார். "பெயிண்டு எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டார். அடிக்கவே இல்லை என்றதும் நம்பவில்லை.

பொருத்தும்போது வேறு பிரச்சினைகள். சி70-இன் எஞ்சின் காற்றில் குளிர்வது; அதன் முன்னால் மூடினால் சூடேறும். ஆகவே படத்தில் இல்லாத ஒரு பெரிய திறப்பை வைத்தோம். இடப்பக்கம் திருப்பினால் கைப்பிடி மூடியில் இடித்தது. மூன்று சென்டிமீட்டர் அறுத்தெடுத்தோம். அதை வெட்டத் தாத்தாவின் அனுமதி தேவைப்படவில்லை.

உண்மையைச் சொன்னால், தூரத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கானேடா. அருகில் வந்தால் சிவப்புச் சட்டை போட்ட கப்சாய். ஜப்பானில் மசாஷி தேஷிமா என்ற ரசிகர் இதே மோட்டாரைக் கட்ட 7 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 2012-இல் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக நிதி திரட்ட அதைப் பயன்படுத்தினார். 2024-இல் வந்த 'கல்கி 2898 ஏடி' படத்தின் 'புஜ்ஜி' வாகனத்தை மஹிந்திராவின் பொறியாளர்களோடு சேர்ந்து கட்டியது கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். எடை சுமார் 6 டன். சென்னைச் சாலையில்கூட ஓடியது. எங்களுடையது அதில் ஒரு சக்கரத்துக்கும் ஈடாகாது.

சாலையில் ஓட்டவில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி வாகனத்தின் அமைப்பை மாற்ற ஜேபிஜே அனுமதி வேண்டும். நாங்கள் வீட்டு வாசலுக்கும் திடலுக்கும் நடுவே தள்ளிக்கொண்டுதான் போனோம். ஒரு மாலை முழுக்கப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறி உட்கார்ந்தார்கள். எஞ்சின் சத்தத்தை வாயாலேயே போட்டுக்கொண்டார்கள். அது 200 குதிரைத்திறனுக்குக் குறையவில்லை.

அன்றிரவு ஆறு போல்ட்டுகளையும் கழற்ற இருபது நிமிடம் ஆனது. காலையில் தாத்தா வழக்கம்போல் காப்பிக் கடைக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து சட்டகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் உதைத்து ஸ்டார்ட் செய்தார். சிவப்பு மூக்கு இப்போது கொட்டகை விட்டத்தில் தொங்குகிறது. அச்சைக் கவிழ்த்து வைக்க மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கோழி அதில் மூன்று முட்டை இட்டிருப்பதாகத் தம்பி நேற்று படம் அனுப்பியிருந்தான்.