உங்கள் காதி வழக்குக் கோவை யாரிடம் இருக்கிறது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் கோடு என்றால் எல்லோருக்கும் நினைவில் வருவது புளியந்தீவுதான். காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ ஓட்டமாவடியிலிருந்தோ பழைய விவாகரத்துப் பத்திரம் ஒன்றைத் தேடி வரும் எமது பெண்களில் பலர் முதலில் போய் நிற்பதும் அங்குள்ள நீதிமன்றப் பதிவறை வாசலில்தான். "இது காதி வழக்கு, இங்கே இல்லை" என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் பதில். அதன்பின் பிரதேச செயலகம், பழைய காதியின் வீடு, புதிய காதியின் வீடு, பள்ளிவாசல் என்று அலைச்சல் தொடங்குகிறது.

இந்த அலைச்சலுக்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. எமது குடும்ப வழக்குகளின் பதிவுகள் ஒரே இடத்தில் சேராத வகையில்தான் இந்த முறைமை அமைந்திருக்கிறது. பக்கத்து ஊர்த் தமிழ்ச் சகோதரி ஒருவர் விவாகரத்துப் பெற்றால் அவரது கோவை மாவட்ட நீதிமன்றத்தின் பதிவறையில் ஓர் இலக்கத்தோடு இருக்கும். நீதிபதி மாறினாலும் கோவை அங்கேயே இருக்கும். சட்டத்தரணி ஒருவர் மனுப்போட்டு உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை எடுத்துக் கொடுப்பார்.

எமது நிலை வேறு. 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோது காதி முறை சட்ட வடிவம் பெற்றது. அதற்குப் பதிலாக வந்த 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1954 முதல் இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. காதிகளை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. ஆனால் நாடு முழுவதும் உள்ள சுமார் 65 காதிப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு நிரந்தரக் கட்டடம் இல்லை. பகுதிநேரமாக, சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்யும் ஒரு மனிதர் தன் வீட்டு முன்அறையிலோ, பாடசாலை வகுப்பறையிலோ, பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்திலோ விசாரணை நடத்துகிறார். கோவைகளும் அவருடைய அலுமாரியிலேயே இருக்கின்றன. அலுமாரி எங்கே போகிறதோ கோவையும் அங்கே போகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காதியின் முன் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது என்கிறது சட்டம். சாதாரண மக்கள் செலவில்லாமல் நீதி பெற வேண்டும் என்பதுதான் நோக்கமாக இருந்திருக்கும். ஆனால் மற்ற நீதிமன்றங்களில் ஆவணங்களைக் கேட்டு வாங்கி வைப்பது சட்டத்தரணியின் வேலை. இங்கே அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. வழக்கு முடிந்த நிம்மதியில் வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் "உன் கட்டளையின் பிரதி எங்கே?" என்று யாரும் கேட்பதில்லை. சில வருடங்கள் கழித்து மறுமணத்துக்கு நாள் குறித்த பின்னரோ, பிள்ளையின் கடவுச்சீட்டுக்குப் போகும்போதோ, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோதான் அந்தக் கேள்வி வருகிறது.

ஆகவே எந்தக் காகிதம் எங்கே இருக்கும் என்பதைப் பிரித்து அறிந்துகொள்வது அவசியம். தேடுபவர் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். "காதிக் கோட்டுப் பேப்பர்" என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது உண்மையில் நான்கைந்து வேறு வேறு ஆவணங்களாகும்.

திருமணப் பதிவு காதிக்குரியது அல்ல. முஸ்லிம் விவாகப் பதிவாளர் எழுதும் அந்தப் பதிவு பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் கீழ் வருவது. அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேட்க வேண்டும். நாம் காவின் எழுதுவது என்று சொல்லும் அந்த நேரத்தில் மணமகனும் வலியும் கையொப்பமிடுகிறார்கள். மணமகளின் கையொப்பம் கேட்கப்படுவதில்லை. அதனால் தன் திருமணப் பதிவின் இலக்கத்தையோ திகதியையோ ஒருநாளும் கண்ணால் காணாத பெண்கள் எத்தனையோ பேர். தேடலுக்கு முதலில் தேவைப்படுவதே அந்த இலக்கமும் திகதியும்தான்.

விவாகரத்துப் பதிவு காதியிடம். விவாகரத்தைப் பதிவு செய்வதும் சான்றிதழ் வழங்குவதும் அவரே. ஆனால் சான்றிதழ் வேறு, வழக்குக் கோவை வேறு. மணவாழ்வு முடிந்துவிட்டது என்பதை மட்டுமே சான்றிதழ் சொல்லும். யார் எவ்வளவு தாபரிப்புக் கொடுக்க வேண்டும், இத்தாக் காலச் செலவு எவ்வளவு, மஹரும் கைக்கூலியும் திருப்பிக் கொடுக்கப்பட்டதா என்பதெல்லாம் கோவையில்தான் கிடக்கும். பஸஹ் வழக்கென்றால் சாட்சியங்களும், காதியோடு அமர்ந்த 3 மதிப்பீட்டாளர்களின் கருத்தும் அங்கேயே. சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று கோவையை மறந்துவிடுபவர்கள், கைக்கூலிப் பேச்சு மறுபடி எழும்போது வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

தாபரிப்புப் பணம் நிலுவையாகி, காதி அதை அறவிடும்படி நீதவான் நீதிமன்றத்துக்கு எழுதியிருந்தால் அங்கே தனியாக ஒரு கோவை திறக்கப்பட்டிருக்கும். அதற்கு வேறு இலக்கம். அங்கே வழக்கை மறுபடி விசாரிப்பதில்லை. தொகையைக் குற்றப்பணம் போல அறவிடுகிறார்கள். காதியின் கோவை தொலைந்துபோனவர்களுக்கு இந்த நீதிமன்றக் கோவை பல வேளைகளில் கைகொடுக்கக்கூடும். கட்டளை என்ன, எந்தத் திகதி, எவ்வளவு தொகை என்பதை அதிலிருந்து அறியலாம். அதேபோல் பிள்ளைகளின் கட்டுக்காப்பு பற்றிய கட்டளை வழங்கும் அதிகாரத்தைச் சட்டம் காதிக்குக் கொடுக்கவில்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் விடயம். அப்படியொரு வழக்கு நடந்திருந்தால் அந்தப் பத்திரத்துக்கு நீதிமன்றப் பதிவறைக்குப் போவது சரியான வழியே.

தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யப்பட்டிருந்தால் தேடல் கொழும்புக்கு நீளும். காதிகள் சபை இருப்பது புதுக்கடையில். கோவையும் அங்கே சென்றிருக்கும். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறுவதற்கு முன், மேன்முறையீட்டு இலக்கத்தைத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது.

பழைய வழக்குகளில் அதிகம் குழப்புவது எந்தக் காதி என்பதுதான். கணவன் தலாக் சொல்ல விரும்பினால் மனைவி வசிக்கும் பகுதிக்குரிய காதிக்கே அறிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஒழுங்கு. எனவே திருமணம் நடந்த ஊரை வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பிரிவு நடந்த வேளையில் அந்தப் பெண் எங்கே குடியிருந்தார் என்று பார்க்க வேண்டும். எமது மாவட்டத்தில் இது சின்ன விடயமல்ல. 1990இன் படுகொலைகளுக்குப் பின் எத்தனை குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் போயின! சிலர் பொலன்னறுவைப் பக்கம், சிலர் கொழும்பு, சிலர் அம்பாறைக் கரையோரம். காத்தான்குடியில் பிறந்து, ஏறாவூரில் மணமுடித்து, அகதியாய்ப் போன இடத்தில் பிரிந்தவரின் கோவையை மூன்றாவது ஊரில்தான் தேட வேண்டியிருக்கும். 1978இன் சூறாவளியிலும் 2004இன் சுனாமியிலும் வீட்டில் வைத்திருந்த பத்திரங்களை இழந்தவர்கள் இன்னொரு பக்கம்.

பெயரும் ஏமாற்றும். ஒரே பெண் ஒரு பதிவில் உம்மா என்றும், மற்றதில் பீவி என்றும், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்களோடும் இருப்பார். அவரது பெயரை மட்டும் சொல்லித் தேடாமல் வாப்பாவின் பெயர், கணவரின் பெயர், அந்தக் கால விலாசம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் பதிவேட்டைப் புரட்டுபவருக்கும் வேலை இலகு.

காதி மாறிவிட்டார் அல்லது காலமாகிவிட்டார் என்றால்? முதலில் இப்போது பதவியில் உள்ள காதியிடம் எழுத்தில் கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் "என்னிடம் ஒப்படைக்கப்படவில்லை" என்று எழுதி வாங்குங்கள். அடுத்ததாக மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில், விவாகரத்துப் பதிவேடுகள் அங்கே சேர்ந்துள்ளனவா என்று விசாரியுங்கள். பழைய காதியின் பிள்ளைகளிடம் போய்க் கேட்பதிலும் தவறில்லை, மரியாதையோடு கேட்கலாம். ஆனால் ஒன்றை அவர்களும் நாமும் விளங்கிக்கொள்ள வேண்டும்: அந்தப் பதிவேடுகள் வாப்பா விட்டுச்சென்ற சொத்து அல்ல, அரச ஆவணங்கள். அவற்றைப் பழைய பேப்பர்க்காரனுக்கு நிறுத்துக் கொடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

வாய்ப்பேச்சில் பதில் கிடைக்காதபோது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். நீதி வழங்கலுக்காக நிறுவப்பட்ட நீதிமன்றங்களும் நியாய சபைகளும் நிறுவனங்களும் அதன் கீழ் பொது அதிகாரசபைகளே. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். என் கருத்தில், வழக்கின் பிரதியைப் பெற இது முதல் வழியாக இருக்க வேண்டியதில்லை. "இன்ன பிரிவின் இன்ன ஆண்டுப் பதிவேடுகள் யாரிடம், எப்போது ஒப்படைக்கப்பட்டன?" என்று கேட்பதற்கே அது கூர்மையான கருவி. அப்படி எழுத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு யாராவது பதில் தேடியே ஆகவேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தை நாடலாம்.

பதிவுகள் எளிதில் கிடைக்க வேண்டும் என்பதன் பொருள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதல்ல. சம்பந்தம் பேச வந்த இடத்தில், பெண்ணின் முதல் கல்யாணம் ஏன் முறிந்தது என்று அறிய ஆள் வைத்துக் கோவையைப் பார்ப்பவர்களைப் பற்றியும் நாம் கேள்விப்படாமல் இல்லை. வீட்டு அலுமாரியில் இருக்கும் கோவைக்கு அந்த ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது: உரியவருக்குக் கிடைக்காது, ஊருக்குக் கிடைக்கும். வழக்கின் தரப்பினருக்கும், அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவருக்கும் மட்டுமே அது உரியது.

முஸ்லிம் தனியார் சட்டத் திருத்தம் பற்றிப் பேச்சு எழுந்து பல வருடங்களாகின்றன. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. திருமண வயது, பெண் காதிகள், பலதாரமணம் என்று எமது மேடைகளும் பத்திரிகைகளும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. இந்த விவாதம் முடிய இன்னும் எவ்வளவு காலம் செல்லுமோ! ஆனால் காதிக் கோவைகளுக்கு ஒரு பூட்டுள்ள அறை, தொடரிலக்கம், ஒப்படைப்புப் பட்டியல் ஆகிய மூன்றையும் எந்தத் தரப்பு எதிர்க்கப்போகிறது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனமே அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்று மிம்பரில் கேட்டு வளர்ந்த சமூகம் இது. பிரதேச செயலகம் ஒன்றில் ஓர் அறையைக் கேட்டுப் பெறுவதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிவாசல் சம்மேளனங்கள் அதை முன்னின்று கேட்கலாம். கோவைகளைத் தாமே பொறுப்பெடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். நிர்வாகம் மாறும்போது அங்கேயும் இதே கதைதான்.

இப்போது காதியின் முன் வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களுக்கு: கடைசித் தவணையன்று எழுந்து வருவதற்கு முன் வழக்கிலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிக்கு அன்றே எழுத்தில் விண்ணப்பித்து, உங்கள் விண்ணப்பத்தின் பிரதியில் காதியின் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். மேன்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. பிரதி கைக்கு வந்ததும் 2 போட்டோ கொப்பி எடுத்து, ஒன்றை உம்மா வீட்டிலும் மற்றதை வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.