பம்பாய்த் தச்சர்கள் கட்டிய படகு உலகைச் சுற்றியது!

நடுக்கடலில் படகு ஒழுகினால் என்ன செய்வது? கரையென்றால் மணலில் இழுத்துப் போட்டுத் தச்சரைக் கூப்பிடலாம். கடலில் யாரைக் கூப்பிடுவது?

1968-ம் ஆண்டு இந்தக் கேள்வி ஓர் இளைஞரின் முன்னால் வந்து நின்றது. அவர் பெயர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். இங்கிலாந்துக்காரர். வயது 29. அட்லாண்டிக் கடலில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய பாய்மரப் படகு மட்டும் நம் பம்பாயில் பிறந்தது!

படகின் பெயர் "சுஹைலி". பாரசீக வளைகுடாவில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு அரபு மாலுமிகள் வைத்த பெயர் அது.

தேக்கு மரம்

ராபின் வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். கப்பல் வேலை அவரைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது. இங்கே நல்ல தேக்கு கிடைக்கும், நல்ல தச்சர்களும் கிடைப்பார்கள் என்று கண்டு, சொந்தமாக ஒரு படகு கட்ட ஏற்பாடு செய்தார்.

துறைமுகக் கரையில் ஒரு பட்டறையில் வேலை நடந்தது. நீளம் 32 அடி. அகலம் 11 அடி. தச்சர்கள் கையாண்டவை பழைய கருவிகள். மரத்தைச் செதுக்க வாய்ச்சி, துளை போடக் கயிறு சுற்றி இழுக்கும் தமர். விசை எந்திரத்தை நம்பாமல் கண் அளவையும் கைப் பழக்கத்தையும் நம்பிய வேலை. 1964 டிசம்பரில் தேங்காய் உடைத்துப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள்.

மறு ஆண்டு இறுதியில் ராபினும் அவர் தம்பியும் ஒரு நண்பரும் அதே படகில் ஊருக்குப் புறப்பட்டார்கள். வழியில் பணம் தீர்ந்துபோயிற்று. தென்னாப்பிரிக்காவில் இறங்கி வேலை பார்த்துச் சம்பாதித்து, பிறகு பயணத்தைத் தொடர்ந்தார்கள். இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது 1967-ல்தான்.

அப்போது லண்டன் பத்திரிகை ஒன்று போட்டி அறிவித்தது. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், யாருடைய உதவியும் பெறாமல், ஒருவரே பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வரவேண்டும். அதுவரை யாரும் செய்யாத காரியம். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். மற்றவர்களில் சிலரிடம் பெரிய, வேகமான புதுப் படகுகள் இருந்தன. ராபினிடம் பம்பாய்ப் படகுதான் இருந்தது. வேறு வாங்கப் பணம் இல்லை. 1968 ஜூன் 14-ந் தேதி ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்.

தண்ணீருக்கு அடியில்

சில வாரங்களிலேயே ஒழுக்கு கண்டது. தினமும் பம்பு அடித்து நீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. தெற்கே இதைவிடக் கொடிய கடல் காத்திருக்கிறது. இந்தப் படகோடு அங்கே போகலாமா? அல்லது திரும்பிவிடுவதா?

கேப் வெர்டி தீவுகளுக்குத் தெற்கே காற்று ஓய்ந்த ஒரு நாளில் ராபின் கடலில் குதித்தார். மூழ்கிப் பார்த்தார். அடிமரத்துக்கு, அதாவது ஏராவுக்கு, மேலே பலகைகள் சேரும் இடத்தில் சுமார் எட்டு அடி நீளத்துக்கு இடுக்கு விட்டிருந்தது. இரண்டு பக்கமும் அதே கதை. படகு அசையும்போது இடுக்கு வாய் திறந்து திறந்து மூடியது.

பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து இறுக்குவதைக் கடலோரத்தில் கலப்பற்று என்பார்கள். தரையில் செய்யும் வேலை அது. ராபின் அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் செய்ய முயன்றார். சுத்தியல் கைநழுவினால் கடலுக்கு அடியில் போய்விடும். ஆகவே அதற்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டார். கொஞ்சம் திரியை அடித்துவிட்டு மூச்சு வாங்க மேலே வருவார். திரும்பப் போவதற்குள் திரி வெளியே வந்து தொங்கும்! அரைமணி நேரம் போராடியும் பயன் இல்லை.

மேலே ஏறி யோசித்தார். ஒன்றரை அங்குல அகலத்தில் நீளமாகக் கித்தான் துணியைக் கிழித்தார். அதன்மேல் பஞ்சுத் திரியை வைத்துத் தைத்தார். தார் பூசினார். செப்பு ஆணிகளை வரிசையாக முன்கூட்டியே குத்தி வைத்துக்கொண்டார். இனிக் கீழே போய் ஆணிகளை அடித்தால் போதும். திரி நழுவாது. அதற்குமேல் காப்பாகச் செப்புத் தகடு.

சுறா மீன் வெள்ளை உடம்பைக் கண்டு வரக்கூடாதென்று கருநிறச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து வேலை செய்தார். அப்படியும் ஒரு சுறா வந்துவிட்டது. நல்ல வேளை, காப்பி குடிக்க மேலே வந்திருந்த நேரம் அது. துப்பாக்கியால் சுட்டார். வேறு சுறா வருகிறதா என்று பார்த்திருந்துவிட்டு மறுபடியும் குதித்தார். இரண்டு நாள் கழித்து மறுபக்கமும் முடிந்தது. ஒழுக்கு பெருமளவு குறைந்தது. திரும்புகிற பேச்சு இல்லை.

தினம் ஒரு வேலை

தெற்குப் பெருங்கடலில் ஒரு பேரலை படகைப் புரட்டிப் போட்டது. படகு தானே நிமிர்ந்துகொண்டது. ஆனால் அறையின் மேற்கட்டு இணைப்புகளில் விரிசல் விட்டது. அதை ஆணி போல்ட்டு போட்டு இறுக்கினார். பிறகு பார்த்தால் தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டுப்போயிருந்தது. தனி டப்பாக்களில் இருந்த கொஞ்சம் நீர்தான் மிச்சம். அன்று முதல் மழை பெய்தால் பாயில் வழியும் நீரை வாளியில் பிடிப்பதும் அன்றாட வேலையாயிற்று.

பேட்டரியைப் பார்க்கும்போது அமிலம் கண்ணில் தெறித்தது. நீர் விட்டுக் கழுவினார். வைத்தியர் அவரேதான்.

இன்னொரு வேலை கேட்க ருசியானது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சிறு எஞ்சினில், மின்பொறி விழும் இடைவெளியை அளந்து வைக்க வேண்டும். அளக்கும் கருவி இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்து எண்ணினார். அங்குலத்துக்கு 200 தாள்! மூன்று தாளைச் சேர்த்துப் பிடித்தால் வேண்டிய கனம் வந்தது. எஞ்சின் ஓடியது. பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனாலும் எல்லாமே பழுதுபார்க்க முடிந்தவை அல்ல. செய்தி அனுப்பும் ரேடியோ ஊமையாயிற்று. ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது, தானாகத் திசை பிடிக்கும் கருவி முறிந்து கடலோடு போயிற்று. அதன்பின் பாய்களைக் கூட்டியும் குறைத்தும் படகைத் தானே நேராக ஓடும்படி சமன் செய்துவிட்டு, இடையிடையே உறங்கினார். உலகத்தில் பாதி அப்போதும் மீதியிருந்தது!

சுகமும் உண்டு. கடல் அமைதியாக இருந்தால் முன்பக்கத்திலிருந்து குதித்து நீந்துவார். படகு தாண்டிப் போவதற்குள் பின்னால் மிதக்கும் கயிற்றைப் பிடித்து ஏறிவிட வேண்டும். கயிறு தவறினால் படகு தனியே போய்விடும். வேடிக்கைதான், ஆனால் யாருக்கும் சிபாரிசு செய்யத்தக்கதல்ல. 1968 கிறிஸ்துமஸ் சமயம் மூன்று அமெரிக்கர்கள் சந்திரனைச் சுற்றுவதை வானொலியில் கேட்டார்.

நியூஜிலாந்தை விட்ட பிறகு அவர் இருக்கிறாரா இல்லையா என்றே மாதக் கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. 1969 ஏப்ரல் 22-ந் தேதி சுஹைலி ஃபால்மத் வந்து சேர்ந்தது. 312 நாட்கள். சுங்க அதிகாரிகள் வழக்கப்படி "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டனர். "ஃபால்மத்" என்றார்.

ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. அவருக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை, அந்தப் பந்தயத்தில் உயிரிழந்த டொனால்ட் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

கழிவறைக் கதவு

ஐம்பது ஆண்டு கழித்து, 2018-ல், அந்தப் பந்தயம் மீண்டும் நடந்தது. பழைய காலத்துக் கருவிகள் மட்டுமே கொண்டு போகவேண்டும் என்பது விதி. கேரளத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதில் கலந்துகொண்டார். அவருடைய "துரியா" படகு, சுஹைலியின் அச்சாகவே கோவாவில் கட்டப்பட்டது. செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலில் புயல் தாக்கியது. பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பில் பலத்த அடி. மூன்று நாள் நகர முடியாமல் கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

அதோடு அவர் கடலை விடவில்லை. 2022-ல் "பயனாத்" என்ற வேறொரு படகில் அதே பந்தயத்துக்குப் புறப்பட்டார். வழியில் திசைக் கருவியின் தகடுகள் உடைந்தன. கையில் இருந்த மாற்றுத் தகடுகளும் தீர்ந்தன. படகின் கழிவறைக் கதவைக் கழற்றினார். அதை அறுத்துத் தகடாக்கிப் பொருத்தினார். கதவில்லாத கழிவறையோடு உலகின் மீதிப் பாகத்தைக் கடந்து, 2023 ஏப்ரல் 29-ந் தேதி, 236 நாட்களுக்குப் பின், இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.