முதலில் கழற்றுங்கள், அப்புறம் கொல்லலாம்

ராஜபாளையத்தில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். எங்கள் ஊர் நாய் வெள்ளைவெளேரென்று இருக்கும், மயிர் குட்டை. ஒரு உண்ணி ஏறினால் தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும். அதனால் இங்கே யாரும் ‘கவனிக்கவில்லை’ என்று சொல்வதில்லை. கவனித்துவிடுகிறார்கள், கவனித்ததும் கை சும்மா இருப்பதில்லை. ஊதுபத்தியால் சுட்ட காது, மண்ணெண்ணெய் தடவி உரிந்த தோல், ஊக்கால் தோண்டிச் சீழ் வைத்த விரலிடுக்கு என்று என் மேசைக்கு வரும் பல நாய்களுக்கு, உண்ணியை விட அதை எடுக்கப் பார்த்த வைத்தியம்தான் பெரிய காயம்.

இந்த வைத்தியம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே அவசரம்: தோலில் இருக்கும்போதே அதைக் கொன்றுவிட வேண்டும். நான் சொல்வது இதற்கு நேர்மாறு. முதலில் உயிரோடு, முழுசாகக் கழற்றுங்கள். கொலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கழற்றிய உண்ணியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினால் காரணம் புரிந்துவிடும். ரத்தம் குடித்து முடித்த பெட்டை உண்ணி ஆமணக்கு விதை அளவுக்கு, அதே மினுமினுப்போடு இருக்கும். கால் எட்டும் வயிற்றுக்கு முன்னால் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். அதற்கும் முன்னால் குண்டூசி முனையளவு பழுப்பாக ஒரு துண்டு தெரிகிறதே, அதுதான் வாய். அதில் பின்பக்கம் பார்த்த பற்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே போவது சுலபம், திரும்ப வருவதுதான் கஷ்டம். போதாததற்கு, எச்சிலிலேயே ஒரு பசையைச் சுரந்து வாயைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் பொருளும், கடித்தது தெரியாமல் மரக்க வைக்கும் பொருளும் அதே எச்சிலில் உண்டு. நோய்க்கிருமி இருந்தால் அதுவும் அந்த வழியாகத்தான் இறங்கும்.

இப்படிப் பூசிப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒன்றின் முதுகில் நெருப்பை வைத்தால், அதால் உடனே வாயை உருவிக்கொண்டு ஓட முடியாது. செய்யக்கூடியதெல்லாம் துடிப்பதும், எச்சிலையும் குடலில் இருப்பதையும் நாயின் உடம்புக்குள்ளேயே கக்குவதும்தான். மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ், சுண்ணாம்பு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். வாஸ்லின் பூசினால் மூச்சு முட்டி விழுந்துவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் சில தடவை மூச்சு விட்டால் போதும் என்று வாழ்கிற ஜீவன் அது. அதற்கு மூச்சு முட்டும் வரை நீங்கள் காத்திருந்தால் விடிந்துவிடும். நாய்க்கு வரும் எர்லிக்கியா கிருமியோ கடித்த சில மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். கடைசியில் இடுக்கியைத்தான் எடுக்கப்போகிறீர்கள், அப்போது வாஸ்லின் வழுக்கும்.

இடுக்கியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஃபேன்சி ஸ்டோரில் புருவம் திருத்த விற்கும் பட்டை முனை ட்வீசர் இதற்கு ஆகாது. அது உண்ணியின் வயிற்றைத்தான் பிடிக்கும், வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாய் வழியாக நாய்க்குள் போகும். செல்போன் ரிப்பேர் கடையில் ஊசி முனையோடு, நுனி கொஞ்சம் வளைந்த ஒரு ட்வீசர் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். என் மேசையில் இருப்பது அதுதான். ஆஸ்பத்திரி சாமான் கடையில் கிடைப்பதை விட எனக்கு அது கைக்கு வாகாக இருக்கிறது.

நாயைப் படுக்க வைத்து, அதற்குப் பழகிய ஒருவர் தலைப்பக்கம் உட்கார்ந்து தடவிக்கொடுக்கட்டும். நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும். இடது கை விரலால் மயிரை விலக்கிப் பிடியுங்கள். ட்வீசரின் முனை தோலில் உரச வேண்டும். உண்ணியின் உடம்பு கண்ணில் பட்டாலும் அதை மறந்துவிட்டு, தோலும் வாயும் சேரும் இடத்தைப் பிடியுங்கள். பிடித்ததும் நேராக மேலே இழுங்கள். வெடுக்கென்று அல்ல, ஒரே சீராக. தோல் கூடாரம் மாதிரி கொஞ்சம் மேலே எழும்பும். அந்த இடத்தில்தான் நிறையப் பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள், அல்லது பொறுமை இழந்து சுண்டுகிறார்கள். விடவும் வேண்டாம், சுண்டவும் வேண்டாம். அதே இழுப்பில் நில்லுங்கள். பசை விட்டதும் தானாகக் கையோடு வரும். வாயில் தோல் பொருக்கு மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் நல்லது, முழுசாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

திருக வேண்டுமா என்று கேட்பார்கள். கடையில் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று விற்கிறது, உண்ணிக்கு அடியில் செருகிச் சுற்றி எடுப்பது. அதில் திருகலாம், அது அதற்காகவே செய்தது. ட்வீசரில் திருகினால் வாய் முறியும்.

“பிடுங்குனா தலை உள்ள நின்னுரும்ல டாக்டரம்மா?” இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. நிற்பது தலை அல்ல, வாயின் நுனி மட்டும்தான். அது அங்கிருந்து திரும்ப வளராது, ரத்தமும் குடிக்காது. ட்வீசரில் அகப்பட்டால் எடுங்கள். அகப்படாவிட்டால் விட்டுவிடுங்கள், காலில் குத்திய சின்னச் சிராயைத் தள்ளுகிற மாதிரி தோலே நாளடைவில் வெளியே தள்ளிவிடும். ஊக்கு, ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரால் கழுவி, கொஞ்சம் பொவிடோன் அயோடின் வைத்தால் போதும். பட்டாணி மாதிரி ஒரு தடிப்பு சில நாள் இருக்கும். பெரிதானாலோ, சீழ் வைத்தாலோ காட்ட வேண்டும்.

இனி கொலை. பேன் குத்திப் பழகிய நாடு இது, உண்ணியையும் இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்கினால்தான் பலருக்குத் திருப்தி. தயவுசெய்து வேண்டாம். அந்த ரத்தத்தில் இருக்கும் கிருமி நகக்கண் வெடிப்பு வழியாகவோ, அதே கையால் கண்ணைக் கசக்கும்போதோ மனிதருக்குள் போகலாம். தண்ணீரில் போட்டாலும் உடனே சாகாது. மூடியுள்ள சின்ன பாட்டிலில் ஸ்பிரிட்டோ சானிடைசரோ ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க எடுக்கப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் செல்லோ டேப்பில் ஒட்டி மடித்துவிடுங்கள். தரையில் விட்டால் நாயே நக்கித் தின்னும். ஹெபட்டோசூன் என்றொரு ஒட்டுண்ணி அப்படித் தின்பதால்தான் நாய்க்கு வருகிறது.

தேடும்போது முதுகைத் தடவிப் பார்த்து முடித்துவிடாதீர்கள். காதின் உள்மடிப்பு, கால் விரல்களுக்கு நடுவே, அக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலின் அடிப்பக்கம், தொடை இடுக்கு. விரல் இடுக்கில் மட்டும் பத்து உட்கார்ந்திருக்க, மேலே சுத்தமாக இருக்கும் நாயைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு. வயிற்றில் இரண்டு வரிசையாக, ஜோடி ஜோடியாக இருந்தால் அது உண்ணி அல்ல. ‘வரவே மாட்டேங்குது’ என்று ரத்தம் கசியக் கசியக் கொண்டுவருகிறார்கள். பாவம், அந்த நாய்கள் கடிக்காமல் பொறுத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். மருவும் அப்படித்தான். கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இழுங்கள்.

நாலைந்து உண்ணி என்றால்தான் இந்தக் கை வேலை. குட்டியின் மேல் நூற்றுக்கணக்கில் அப்பியிருந்தால் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருக்காதீர்கள். ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் அதன் ரத்தம் ஏற்கெனவே போய்விட்டது, உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். இப்போது ஒரு மாதம், மூன்று மாதம் வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன. முதுகில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. எடைக்குத் தகுந்த அளவு, வலிப்பு வரும் நாயா என்பதெல்லாம் பார்த்துத்தான் எழுதித் தருவோம். மாத்திரை தின்ற நாயின் மேலும் உண்ணி ஏறும், கடித்த பிறகுதான் சாகும். ‘மருந்து போலி’ என்று சண்டைக்கு வருவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். மாட்டுக்குத் தெளிக்கும் மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாய் மேல் ஊற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். வீட்டில் பூனையும் இருந்தால் இரட்டை எச்சரிக்கை: நாய்க்கு ஒத்துக்கொள்ளும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ‘மறுபடி வந்துருச்சு டாக்டரம்மா’ என்றால், அது நாயிலிருந்து வரவில்லை, உங்கள் சுவரிலிருந்து வருகிறது. நம் ஊர் நாய் உண்ணி வாழ்நாளில் மூன்று தடவை நாய் மேல் ஏறி, மூன்று தடவையும் இறங்கிவிடும். ஆறு கால் குஞ்சாக ஒரு தடவை, எட்டுக் கால் இளசாக ஒரு தடவை, வளர்ந்து ஒரு தடவை. இறங்கியதும் அது மேலே ஏறுகிற ஜாதி. சுவர் வெடிப்பு, கதவு நிலை, காலண்டருக்குப் பின்னால், நாய் படுக்கும் சாக்கின் தையல். பெட்டை அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். காடு மேடு எதுவும் அதற்கு வேண்டாம். ஒரு நாயும் ஒரு பழைய சுவரும் போதும். சாக்கை எரித்துவிடுங்கள், வெடிப்பைச் சிமென்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். நாய்க்கான மருந்தைச் சில மாதம் விடாமல் கொடுத்தால், புதிதாகப் பொரிந்து ஏறுவதெல்லாம் முட்டையிடுவதற்கு முன்பே சாகும்.

உண்ணி எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போனால், உடம்பு கொதித்தால், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி தெரிந்தால், மூக்கில் ரத்தம் வந்தால் எர்லிக்கியாவாக இருக்கலாம். சிறுநீர் காபி டிக்காஷன் நிறத்தில் போனால் பபீசியா என்று சந்தேகப்படுவோம். எர்லிக்கியாவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வியட்நாம் போரில் அமெரிக்கப் படை கொண்டுபோன ஜெர்மன் ஷெப்பர்டுகள் நூற்றுக்கணக்கில் இதில்தான் செத்தன. சீக்கிரம் பிடித்தால் டாக்ஸிசைக்ளின் கேட்கும். வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வோம். ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிக்கொண்டு பிரியாணி கேட்டதும் நிறுத்திவிடுகிறவர்களே அதிகம்.

மனிதர்களைக் கடித்தாலும் கழற்றும் முறை இதேதான். குழந்தைகளுக்குக் காதின் பின்புறம், தலைமயிர் ஓரம். பெரியவர்களுக்கு அக்குள், இடுப்பு நாடா இறுகும் இடம். காதுத் துவாரத்துக்குள் போயிருந்தால் வீட்டில் கை வைக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு லைம் நோய் வருமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதைப் பரப்புவது வேறு வகை உண்ணி, நம் வீட்டு நாய் உண்ணி அல்ல. நமக்கு இருக்கும் கவலைகள் வேறு. உண்ணிக் கடியால் வரும் டைபஸ் காய்ச்சல் இந்தியா முழுக்க உண்டு. அதில் வரும் தடிப்பு உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் செத்து விழ, கூடவே மனிதர்களுக்கும் வந்த காய்ச்சல் இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அதைப் பரப்புவது எள்ளளவே இருக்கும் இளம் காட்டு உண்ணிகள். மலைக்குப் போய் வந்தால் துணியை உதறி, வெந்நீரில் போட்டு, உடம்பைத் தடவிப் பாருங்கள். ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது மட்டும் வேறொரு நுண்ணிய பூச்சி. பிடுங்குவதற்குக் கண்ணுக்கே தெரியாது, கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி கருத்த பொருக்கு இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

கடித்த பின் சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே ‘இன்ன தேதியில் உண்ணி கடித்தது’ என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவதிலேயே நாள் போய்விடும். டைபஸ் சந்தேகம் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த மருந்தும் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின்தான். “நாய்க்கு எழுதிக் கொடுத்ததுல பாதி அட்டை மிச்சம் கெடக்கு, அதையே போட்டுக்கிறவா டாக்டரம்மா?” என்று போன் செய்தவர்களும் உண்டு. முதலில், அது ஏன் மிச்சம் இருக்கிறது என்றுதான் நான் கேட்டேன்.